பின்கட்டிலிருந்து பார்த்த ஓவியம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த நேரம் வரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் காரைக்குடிப் பெரியவர்களே, ஆச்சிமார்களே, வணக்கம். ஓவியத்தை உள்ளபடி அனுபவிக்க நேரில் காண வேண்டுமா, இணையத்தில் கண்டால் போதுமா என்பது தலைப்பு. நான் இணையத்தின் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் தஞ்சாவூர் ஓவியத்தைச் சொன்னார். மேடு கட்டி, தங்க ரேக்கு ஒட்டி, கல் பதித்த கிருஷ்ணர். சாமி அறையில் விளக்குச் சுடர் அசைந்தால் அந்தத் தங்கமும் கூடவே அசையும், அது செல்போனில் வருமா என்று கேட்டார். வராது. மனசார ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சாமி அறைக்குள் யாரை விட்டார்கள் அண்ணே?

என் அம்மா இந்தப் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் நான் பின்வாசல் வழியாகப் போய், கடைசிக் கட்டில் அம்மி பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். வளவு என்கிற உள்முற்றத்துக்கு அந்தப் பக்கம் முகப்புச் சுவரில் பெரிய பெரிய படங்கள் இருப்பது தெரியும். கதவு திறந்து மூடுகிற நேரத்தில் ஒரு சட்டத்தின் விளிம்பும் ஒரு பட்டுப் புடவையின் கரையும் கண்ணில் படும். அவ்வளவுதான். எத்தனையோ வருஷம் போய் வந்தும் அந்தப் புடவைக்காரியின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. இன்றைக்கு அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கோ கல்யாணத்துக்கோ திறந்தால் உண்டு.

அண்ணன் 'வெறும் நகல்' என்றார். அந்த வார்த்தைதான் எனக்கு வலித்தது. நம் முகப்புகளில் மாட்டியிருந்த படங்களில் பல, ராஜா ரவிவர்மா 1894இல் மும்பையில் தொடங்கிய அச்சகத்தின் ஓலியோகிராப் படங்கள். கல்லில் வரைந்து, ஒரு வண்ணத்தின் மேல் இன்னொரு வண்ணமாக ஒற்றி எடுத்த நகல்கள். அவர் கையால் தீட்டியவை அரண்மனைகளுக்குப் போயின, அச்சடித்தவை கடைத்தெருவுக்கு வந்தன. எங்கள் ஓட்டு வீட்டுக்கு லட்சுமி காலண்டராக வந்ததும் அந்த வழியில்தான். அந்த நகலுக்குத்தான் என் அம்மா தினமும் பூ வைத்தார்.

சரி, காசு செலவழித்து நேரில் போகிறோம் என்றே வைத்துக்கொள்வோம். பாரிஸில் மோனலிசா 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம். முன்னால் கண்ணாடி, அதற்கு முன்னால் தடுப்பு, அதற்கும் முன்னால் கூட்டம். ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்ட் தீட்டிய 'இரவுக் காவல்' கிட்டத்தட்ட நாலரை மீட்டர் அகலம். அதை 8,439 படங்களாக எடுத்து, ஒன்றாக இணைத்து, 2022இல் 717 கிகாபிக்சல், அதாவது 71,700 கோடி புள்ளிகள் கொண்ட படமாக, அது இருக்கும் அருங்காட்சியகமே இணையத்தில் வைத்துவிட்டது. ஒரு ராத்திரி முழுக்க அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு கண்ணுக்குள் வைத்த வெள்ளைப் புள்ளி, அந்தப் புள்ளியில் விழுந்த வெடிப்பு வரை தெரிகிறது. நேரில் அவ்வளவு நெருங்கினால் காவலாளி சும்மா இருப்பாரா?

அவ்வளவு தூரம் எதற்கு? தஞ்சைப் பெரிய கோயிலுக்கே வாருங்கள். கருவறையைச் சுற்றிய உள்சுற்றில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் கண்டுபிடித்தவர் எஸ்.கே. கோவிந்தசாமி. அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர். அந்தப் பல்கலைக்கழகத்தை உருவாக்கியவர் நம் கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார், அதனால் இது நம் ஊர்ப் பெருமையும்தான். அந்த உள்சுற்றுக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அது நியாயமும்கூட. ஆயிரம் வருஷத்து வண்ணம், நம் மூச்சின் ஈரத்தைத் தாங்காது. அப்படியானால் எதிரணியினரே, 'நேரில் வாருங்கள்' என்று யாரைக் கூப்பிடுகிறீர்கள்?

அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி, வாசல்படி இறங்குவதே சிரமம். போன மாதம் அந்தச் சோழர் ஓவியங்களின் படங்களை என் செல்போனில் எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் மெல்ல மெல்லப் பெரிதாக்கினார். அதில் வரைந்திருக்கும் சுந்தரர் கதை அவருக்குப் பாடம். கிழவர் வேஷத்தில் ஓலையோடு நிற்கும் சிவனிடம் வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"கல்யாணத்தை நிறுத்த வந்தவர் இவர்தாண்டி," என்றார். "முகத்தைப் பாரு, என்னமா இருக்கு!"

காபி ஆறிப்போகும் வரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நகரச் சொல்ல அங்கே யாரும் இல்லை.