மாரி மழையில் ஒரு வீதி

வணக்கம் நேயர்களே.

மட்டக்களப்பில் ‘பாதை’ என்றால் தண்ணீரில் மிதப்பது. வாவியைக் கடக்க ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிப்போகும் மிதவைக்கு நாங்கள் வைத்த பெயர் அது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் படிப்பித்த காலத்தில், மண்முனைத் துறையில் அந்தப் பாதைக்காக நான் காத்துநின்ற காலைகள் கொஞ்சநஞ்சமல்ல. காற்றுப் பலத்தால் பாதை ஓடாது. அக்கரையில் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள், இக்கரையில் நான் சைக்கிளைப் பிடித்தபடி நிற்பேன்.

2014இல் ஜப்பானிய உதவியோடு மண்முனைப் பாலம் திறந்தது. கொக்கட்டிச்சோலைக்கு இப்போது நினைத்த நேரம் போகலாம். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு.

ஆனால் பிரதான வீதியை விட்டு உள்ளே திரும்பினால் கிரவல் மண் வீதிதான். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கு. மிச்சமெல்லாம் பெரும்பாலும் பிரதேச சபையின் தலையில். வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும் வீதி, ஆகக் குறைந்த காசு உள்ள கையில் கிடக்கிறது.

காசு வந்த இடத்திலும் ஒரு பிழை நடக்கிறது. ஒரு வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, குறுக்கே வீதியை நன்றாக உயர்த்திப் போட்டார்கள். வீதிக்கு அடியால் தண்ணீர் வடியும் மதகு மட்டும் போதவில்லை. முன்மாரி நெல் வெள்ளாமை, கதிர் இன்னும் வெளிவராத குடலைப்பருவம், மழை விடாமல் பெய்தது. வீதி அணைக்கட்டாகிவிட்டது. ஒரு பக்கம் இடுப்பளவு தண்ணீர், மறுபக்கம் கணுக்கால் அளவு. இரவோடிரவாக ஊரார் மண்வெட்டியோடு வந்து வீதியை வெட்டிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் என் பழைய மாணவனின் தகப்பன். “எங்களுக்கும் றோட்டு வேணும் சேர், ஆனா வெள்ளாம தண்ணியில தாண்டு போகுதே” என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தண்ணீர் எங்கே வந்து எங்கே வடியும் என்று வயல்களின் தண்ணீரைக் கவனிக்கும் அந்த வட்டை விதானையாருக்கு மனப்பாடம். வீதிக்கு அளவெடுக்க வருகிற பொறியியலாளர் அவரை ஒருநாள் கூட்டிக்கொண்டு வரம்பில் நடந்தால் போதும். அதுவும் ஆடி வெயிலில் அல்ல, மார்கழியில் நடக்கவேண்டும்.

வெட்டிய இடத்தில் இப்போது இரண்டு தென்னங்குற்றி போட்டிருக்கிறது. பிள்ளைகள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அதன்மேல் நடக்கிறார்கள். வருகிற கார்த்திகை மழைக்கு முன்னே அங்கே ஒரு மதகு கட்டித் தாருங்கள். பொறுப்பில் இருக்கிறவர்களிடம் இன்று நான் கேட்கவந்தது அதைத்தான்.