மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கமுங்க.

ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கிற பிள்ளைகள், அதாவது 11 வயதிலிருந்து 14 வயது வரைக்கும் இருக்கிறவர்கள், பள்ளியில் ஒருத்தரோடொருத்தர் பழகுவதைப் பற்றி இன்றைக்குப் பேசப் போகிறேன். "படிக்கப் போன இடத்துல என்ன சேர்க்கை வேண்டிக்கெடக்குது?" என்று நம் பக்கத்தில் சகஜமாகக் கேட்பார்கள். ஆனால் பத்து வயது வரை அம்மா முகத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, அதற்குப் பிறகு பக்கத்து பெஞ்சுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் தன்னை எடைபோடுகிறது. 2003இல் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வு செய்தார்கள். கணினியில் மூன்று பேர் பந்து போட்டு விளையாடுவதுபோல ஓர் ஏற்பாடு. பாதியில் ஒருவருக்கு மட்டும் பந்து வராமல் நிறுத்திவிட்டார்கள். உடம்பில் வலி வரும்போது வேலை செய்கிற மூளைப்பகுதி ஒன்று, அப்போதும் வேலை செய்தது. கல்லூரி வயதுக்காரர்களுக்கே அப்படியென்றால், பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு எப்படி இருக்கும்?

ஊர்த் தொடக்கப்பள்ளியில் ஐந்தாவது வரை ஒரே ஊர்ப் பிள்ளைகளோடு படித்தவன், ஆறாவதுக்கு பஸ் ஏறி வேறொரு ஊருக்குப் போகிறான். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்கள் நடு வருஷத்தில் வீடு மாறினால், பள்ளியும் மாறும். தெற்கத்தி மாவட்டத்திலிருந்தும், பீகார், ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகளும் அதே வகுப்பில் இருக்கிறார்கள். இவர்கள் தானாகவே ஒட்டிக்கொள்வார்கள் என்று விட்டுவிட முடியாதுங்க.

யார் தனியாக இருக்கிறார்கள் என்பதை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாருங்கள். வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து பொரியலை மாற்றிக்கொள்கிற கூட்டம் நம் கண்ணில் படும். டப்பா மூடியைப் பாதி திறந்து, மறைத்தபடியே ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டு முடித்து, மீதி நேரத்தைக் குழாயடியில் டப்பா கழுவியே கழிக்கிற பிள்ளை படாது. நோட்டுக் கட்டைத் தூக்கிவர எப்போதும் தானே முன்வருகிற பிள்ளையையும் கொஞ்சம் கவனியுங்கள். பொறுப்பான பிள்ளை என்று பாராட்டுவோம். இடைவேளையைத் தனியே கழிக்காமலிருக்க அது கண்டுபிடித்த வழியாகவும் இருக்கலாம்.

ஆசிரியர்கள் முதலில் மாற்ற வேண்டியது உட்காரும் இடம். மார்க் வரிசையில் உட்கார வைத்தால் பழக்கம் அந்த வரிசைக்குள்ளேயே நின்றுபோகும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். தினமும் மாற்றினால் யாரோடும் பேச்சே தொடங்காது. பேசாத பிள்ளைகள் இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வைக்காதீர்கள். நிதானமாகப் பேசுகிற ஒரு பிள்ளையின் பக்கத்தில் வையுங்கள். கூச்சம் போகட்டும் என்று மேடையேற்றுவது பெரும்பாலும் கூச்சத்தைக் கூட்டத்தான் செய்யும். விளையாட்டு பீரியடில் இரண்டு கேப்டன்கள் ஆள் பிரிப்பதை அடியோடு நிறுத்துங்கள். கடைசியாக நிற்கிற பிள்ளை யாரென்று ஊரறியச் சொல்கிற முறை அது. ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரித்தால் போதுமுங்க. அந்தப் பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

குழு வேலை கொடுத்தால் ஒரே பிள்ளை எழுதும், நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். இதற்கு 1971இல் அமெரிக்காவில் எலியட் ஆரன்சன் என்கிற உளவியலாளர் ஒரு வழி செய்தார். நம் நொய்யல் ஆற்றை வைத்தே செய்து பார்க்கலாம். ஐந்து பேர் ஒரு குழு, பாடத்தில் ஆளுக்கொரு பகுதி. ஒருத்தருக்கு வெள்ளியங்கிரியில் ஆறு பிறக்கும் பகுதி, இன்னொருத்தருக்குக் கோவைக் குளங்கள், அடுத்தவருக்குத் திருப்பூர்ச் சாயக்கழிவு, பிறகு ஒரத்துப்பாளையம் அணை, கடைசி ஆளுக்குக் காவிரியில் சேரும் இடம். அணை கிடைத்தவர்கள் எல்லாக் குழுவிலிருந்தும் எழுந்துவந்து பத்து நிமிடம் ஒன்றாகப் படிக்கட்டும். மற்றவர்களும் அப்படியே. பிறகு அவரவர் குழுவுக்குத் திரும்பிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பரீட்சை தனித்தனியாக, ஐந்து பகுதியிலிருந்தும். இதுவரை யாரும் காது கொடுக்காத பிள்ளை பேசும்போது மற்ற நாலு பேரும் கேட்டுத்தானே ஆக வேண்டும்? தமிழ் சரளமாக வராத பிள்ளைக்குச் சின்னப் பகுதியாக, முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். அதை மறந்தால் குழுவே அந்தப் பிள்ளைமேல் எரிந்துவிழும், நோக்கம் கெட்டுவிடும்.

பெற்றோருக்கு ஒன்று. பெரிய மனுஷி ஆனதும் பெண் பிள்ளையின் விளையாட்டையும் சிநேகிதிகளையும் நிறுத்திவிடுகிற வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பேச ஆள் ரொம்பத் தேவைப்படுகிற சமயம் அது. தயவுசெய்து நிறுத்தாதீங்க. சாயங்காலம், "என்ன நடத்துனாங்க?" என்பதோடு, "யாருகூட உக்காந்து சாப்பிட்டே கண்ணு?" என்றும் கேளுங்கள். இரண்டு வாரமாக ஒரு பேர்கூட வரவில்லை, திங்கட்கிழமை காலையானால் வயிற்றுவலி என்றால் வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள்.

சண்டை வந்தால் உடனே நடுவில் போகாதீர்கள். சமபலம் உள்ள இருவர் சண்டையிட்டு, நாலு நாள் பேசாமல் இருந்து, சேர்ந்துகொள்வது அவர்களே பழக வேண்டிய காரியம். ஒரே பிள்ளையைப் பல பேர் திரும்பத் திரும்பச் சீண்டுவது, சாதியையோ நிறத்தையோ சொல்லிக் கூப்பிடுவது சண்டையில் சேராது. அன்றைக்கே பெரியவர்கள் தலையிட வேண்டும். பள்ளியில் சொல்லியும் நடக்கவில்லையென்றால், குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வித் துறை உதவி எண் 14417. பிள்ளைகளே நேராகக் கூப்பிட்டுப் பேசலாம். இரண்டு எண்ணையும் பள்ளி டைரியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கமுங்க.