கருங்கரடியை ஊதி அழைப்பது

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், குறிப்பாக நான் வேட்டை உரிமம் வைத்திருக்கும் ஓரிகன் மாநிலத்தில், கருங்கரடியை வரவழைக்க ஒரு வழி இருக்கிறது. ஆபத்தில் மாட்டிய மான்குட்டி எப்படிக் கதறுமோ அப்படி ஊதுவார்கள். இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். வேட்டையே பிடிக்காதவர்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கரடி எப்படிப்பட்ட பிராணி என்பது இந்த முறையில் நன்றாகத் தெரியும், அதனால் நீங்களும் கொஞ்ச நேரம் கூட இருங்கள்.

முதலில் சட்டம். பழைய ரொட்டி, டோனட் என்று இரை கொட்டிவைத்துக் கரடி சுடுவதையும், நாய்களை விட்டுத் துரத்தி மரத்தில் ஏற்றிச் சுடுவதையும் ஓரிகன் மக்கள் 1994இல் வாக்களித்துத் தடை செய்தார்கள். வாஷிங்டன் மாநிலம் 1996இல் அப்படியே செய்தது. கொலராடோ இருவருக்கும் முன்பே, 1992இல், இவற்றோடு வசந்தகாலக் கரடி வேட்டையையும் நிறுத்திவிட்டது. ஆக, இந்த மாநிலங்களில் வேட்டைக்காரருக்கு மிஞ்சியவை இரண்டு வழிகள்: தொலைநோக்கியில் தேடிக் கண்டுபிடித்துப் பதுங்கிப் போவது, அல்லது ஊதி வரவழைப்பது.

சரி, கரடி ஏன் வருகிறது? கருங்கரடி பெரும்பாலும் தாவரம் தின்னும் பிராணி. வசந்தத்தில் குகையை விட்டு வந்ததும் பசும்புல்லும் இளந்தளிரும் மேயும். பிறகு எறும்பு, புழு, பெர்ரிப் பழம், இலையுதிர்காலத்தில் ஓக் கொட்டை. ஆனால் மே கடைசியிலும் ஜூனிலும் மான்களும் எல்க் மான்களும் குட்டி போடும்போது அதன் சாப்பாடு மாறும். பிறந்த குட்டி முதல் சில நாட்கள் ஓடாது, புல்லுக்குள் அசையாமல் படுத்துக்கிடக்கும். அந்த நாட்களில் கரடி அதைத் தேடிப்பிடித்துத் தின்னும். குட்டிக்குக் கால் உரம் பெற்று ஓடத் தொடங்கிவிட்டால் கரடிக்கு அது எட்டாக்கனி. ஆனாலும் அந்தக் குரல் கேட்டால் போய்ப் பார்க்கும் பழக்கம் கரடிக்கு உண்டு. பூமா என்ற பெரிய காட்டுப்பூனையோ, கயோட்டி என்ற ஓநாய் போன்ற சின்ன விலங்கோ அடித்ததைப் பிடுங்கிக்கொள்ளவும் அது தயங்காது. அலாஸ்காவின் தென்கிழக்குத் தீவுகளில் மானை வரவழைக்க ஊதிக்கொண்டிருப்பவர் முன்னால் கருங்கரடி வந்து நிற்பது அங்குள்ளவர்களுக்குப் பழகிப்போன விஷயம்.

ஊதல் கையடக்கமான சின்னப் பொருள்தான். ஒரு குழாய், அதில் பிளாஸ்டிக் நாக்கு. நாகஸ்வரச் சீவாளியைப் போல இதிலும் உதடு எங்கே அழுத்துகிறது என்பதைப் பொறுத்துக் குரல் மாறும். நுனியில் கடித்து ஊதினால் கீச்சுக் குரல், உள்ளே தள்ளி அழுத்தினால் ஆழ்ந்த குரல். மான்குட்டியின் கதறல் தொடக்கத்தில் ஏறி முடிவில் இறங்கும், நடுவில் உடையும். முயலின் அலறல் இன்னும் மெல்லியது, அதற்கும் கரடி வருவதுண்டு. ஒலிபெருக்கி வைத்த மின்கருவிகளும் விற்கிறார்கள். அவற்றுக்கு ஒரு மாநிலத்தில் அனுமதி இருக்கும், பக்கத்து மாநிலத்தில் தடை இருக்கும், ஆகவே அந்தந்த வருட விதிப்புத்தகத்தைப் படிக்காமல் யாரும் இறங்கக்கூடாது.

கயோட்டிக்கு ஊதிப் பழகியவர்கள் கரடியிடம் தோற்பது ஒரே இடத்தில்தான். கயோட்டிக்குச் சில நொடிகள் ஊதிவிட்டுச் சில நிமிடம் சும்மா இருக்கலாம். அது அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நேராக ஓடி வரும். கரடி அப்படி இல்லை. பத்தடி நடக்கும், நிற்கும், வழியில் நல்ல புல் கண்டால் தலையைக் குனிந்து மேயத் தொடங்கிவிடும். சத்தம் நின்றால் வந்த காரியத்தையே விட்டுவிடும். அதனால் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் என்று விடாமல் ஊத வேண்டும். மூச்சு வாங்கும், உதடு மரத்துப்போகும். இருவர் மாறிமாறி ஊதுவது நல்லது.

இருவர் வேண்டும் என்பதற்கு வேறு காரணமும் உண்டு. ஊதுகிறவர் காட்டில் தன்னைக் கதறும் குட்டியின் இடத்தில் வைத்துக்கொள்கிறார். வருவது கரடியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பூமா ஒன்று பின்பக்கமாகச் சத்தமே இல்லாமல் வரலாம். முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் பார்க்க வேண்டும். கரடியின் மோப்பத்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. மனித வாடை பட்டால் அந்தக் கணமே போய்விடும். அதனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கமும் வெட்டவெளியாக இருக்கும் மேட்டில் உட்காருவார்கள், மோப்பம் பிடிக்கச் சுற்றி வரும் கரடி அங்கே கண்ணில் படும்.

இந்த முறையைப் பாராட்டுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். இரை வைக்கும் முறையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அதில் ஒரு வசதி இருந்தது: கரடி நின்று தின்றுகொண்டிருக்கும், வேட்டைக்காரர் அதை நிதானமாகப் பார்க்கலாம். ஆணா பெண்ணா, கூடக் குட்டி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நேரம் கிடைக்கும். ஊதி அழைத்த கரடி அந்த நேரத்தைத் தராது. புதருக்குள்ளிருந்து முப்பது அடி தூரத்தில் எட்டிப் பார்த்தால், பதறிப்போய்ச் சுடத்தான் தோன்றும். ஓரிகனில் ஒரு வயதுக்குக் குறைந்த குட்டியையோ, அப்படிப்பட்ட குட்டியுடன் இருக்கும் தாயையோ சுடுவது குற்றம். குட்டிகள் ஜனவரி, பிப்ரவரியில் குகைக்குள் பிறந்து ஏறத்தாழ ஒன்றரை வருடம் தாயுடன் இருப்பவை. தாய் முன்னால் வரும்போது அவை பின்தங்கி இருக்கலாம், மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கலாம். தாய் செத்தால் அந்த வருடக் குட்டிகள் பிழைப்பது கடினம்.

ஆகவே அந்த நேரத்தை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அடர்ந்த புதரில் உட்காராதீர்கள். குறைந்தது நூறு மீட்டராவது கண்ணுக்குத் தெரியட்டும். கரடி வெளிச்சத்துக்கு வந்ததும் ஊதுவதை நிறுத்துங்கள். அது நின்று யோசிக்கும். மேயக்கூடச் செய்யும். அப்போது தொலைநோக்கியில் அதற்குப் பின்னால் உள்ள இடத்தையும் சுற்றியுள்ள மரங்களையும் சில நிமிடம் பாருங்கள். இதற்குள் கரடி திரும்பிப் போய்விட்டால் போகட்டும்.

மொன்டானா, வயோமிங், ஐடஹோ பக்கம் போகிறவர்களுக்கு இந்தப் பார்வை இன்னும் முக்கியம், ஏனென்றால் அங்கே இதே சத்தத்துக்குக் கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடியும் வரும். அலாஸ்கா தவிர்த்த மாநிலங்களில் அது 1975 முதல் மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. நிறத்தை நம்பவே கூடாது. கருங்கரடியிலேயே பழுப்பும் இலவங்கப்பட்டை நிறமும் உண்டு. தோளில் திமில், குழிந்த முகம், சிறிய காது, நீண்ட முன்நகம் இவைதான் கிரிஸ்லியின் அடையாளம். மொன்டானாவில் இந்த அடையாளத் தேர்வில் தேறினால்தான் கருங்கரடி உரிமமே கிடைக்கும்.

குட்டியோடு தாய் வந்துவிட்டால் என்ன செய்வது? ஊதலைக் கீழே வையுங்கள். மெதுவாக எழுந்து நின்று, சாதாரணக் குரலில் பேசி, நீங்கள் மனிதர் என்று தெரியப்படுத்துங்கள். கரடியை விரட்ட அடிக்கும் காரமான கரடி ஸ்பிரே கையில் இருக்கட்டும். ஓடக்கூடாது, மரத்தில் ஏறக்கூடாது, கருங்கரடி நம்மைவிட நன்றாக ஏறும். அதற்கும் குட்டிகளுக்கும் நடுவில் நிற்காமல் பின்வாங்குங்கள். அன்றைக்கு அந்தப் பள்ளத்தாக்கில் மறுபடி ஊதவே வேண்டாம். பால் கொடுக்கும் தாய் வீணாக அலையக்கூடாது. நன்றி, வணக்கம்.