பதினேழு சேக்கல் நிலம்

அன்பானவர்களே, "நம்பிக்கையா இருங்க" என்று நாம் எத்தனை வீடுகளில் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்! துக்க வீட்டில், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே, பரீட்சையில் தோற்ற பிள்ளையிடம். சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். நானும்தான்.

1 கொரிந்தியர் 13இல் நாம் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று வாசிக்கிறோம். கத்தோலிக்கச் சகோதரர்கள் இன்று வாசிக்கும் மொழிபெயர்ப்பில் அது நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. நமக்கு இரண்டாவது இடத்தில் இருக்கும் சொல் அவர்களுக்கு முதலிடத்துக்குப் போய்விட்டது. எனக்கு 'எதிர்நோக்கு' பிடிக்கும். அந்தச் சொல்லிலேயே ஒருவர் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

சரி, எரேமியா 32ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். எருசலேமைச் சுற்றி பாபிலோன் படை நிற்கிறது. நகரம் விழும் என்று சொன்ன குற்றத்துக்காகத் தீர்க்கதரிசி எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நேரம் பார்த்து அவருடைய அப்பாவின் சகோதரர் மகன் அனாமெயேல் வருகிறான். "ஆனதோத்தில் இருக்கும் என் நிலத்தை வாங்கிக்கொள்" என்கிறான். ஆனதோத் எரேமியாவின் சொந்த ஊர். மதிலுக்கு வெளியே, எதிரியின் கைக்குப் போய்விட்ட பகுதியில் இருக்கும் நிலம்! இதைவிட வில்லங்கமான சொத்து உலகத்தில் உண்டா?

எரேமியா வாங்குகிறார். 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதுகிறார், சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். பத்திர ஆபீசில் ஒரு நாள் காத்துக் கிடந்தவர்களுக்கு இந்தப் பகுதி நன்றாகவே புரியும்.

ஆனால் நான் அதிகம் யோசித்தது அதற்கு அடுத்து வரும் ஜெபத்தைத்தான். பணம் கைமாறிய பிறகுதான் எரேமியாவுக்குக் கலக்கம் வருகிறது. 'நகரம் கல்தேயர் கையில், அதாவது பாபிலோன்காரர் கையில் போகிறது, நீரோ நிலம் வாங்கு என்கிறீரே' என்று ஆண்டவரிடமே கேட்டுவிடுகிறார். சந்தேகம் தீர்ந்த பிறகு வாங்கவில்லை பாருங்கள். வாங்கிவிட்டு, சந்தேகத்தோடு முழங்காலில் நிற்கிறார். உள்ளத்தில் தெம்பு வரட்டும், அப்புறம் செய்யலாம் என்று நாம் தள்ளிப்போட்ட காரியங்கள் எத்தனை!

நம் சபையில் ஒரு அம்மா வாரத்துக்கு 2 தடவை டயாலிசிஸுக்குப் போகிறார்கள். ஜூன் மாதம் பேத்திக்கு யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்தபோது நானும் கடையில் நின்றேன். "கீழ மடிப்பு நல்லா விட்டுத் தைப்பா. அடுத்த வருஷம் நானே பிரிச்சு விட்டுக்குவேன்" என்றார்கள். அன்றைக்குக் கால் வீங்கி, செருப்புக்கூட நுழையவில்லை அவர்களுக்கு. நானாக இருந்தால் ரெடிமேடில் வாங்கியிருப்பேன்.

எரேமியா அந்த நிலத்தில் ஒரு படி தானியமாவது அறுத்தாரா? வேதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. நகரம் விழுந்தது. பிறகு சொந்த ஜனங்களே அவரை எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

எஸ்றா 2ஆம் அதிகாரத்தில், பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்களின் நீண்ட பட்டியல் இருக்கிறது. பெயர்களும் எண்களுமாக இருப்பதால் குடும்ப ஜெபத்தில் நாம் தாண்டிப் போகும் பகுதி. இன்று ராத்திரி 23ஆம் வசனத்தை மட்டும் வாசியுங்கள். ஆனதோத்தின் மனுஷர், 128 பேர்.