பாட்டி கூப்பிடும் அப்பா

வணக்கம். இன்று மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமில், புனித அன்னம்மாள் ஆலயத்தில் இருக்கிறேன். காற்றுச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 26 திருவிழா சமயத்தில் இங்கே கால் வைக்க இடம் இருக்காது. இன்று சாதாரண புதன்கிழமை, அதனால் நின்று பேச முடிகிறது. அதோ, அந்தப் பெஞ்சில் ரோஸ் கலர் சேலையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் என் பாட்டி. அம்மாவைப் பெற்றவர். முகத்தைக் காட்டாதே என்று சொல்லிவிட்டார். அதனால்தான் இவ்வளவு தூரத்திலிருந்து காட்டுகிறேன்.

பாட்டி பிறப்பால் சீனர். 1943 வாக்கில் பிறந்தவர், சரியான தேதி யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்து மலாயாவில் வறுமையாலோ, பெண் பிள்ளை வேண்டாம் என்றோ, ஜாதகம் சரியில்லை என்றோ சீனக் குடும்பங்கள் சில பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுத்தது உண்டு. உங்கள் குடும்பத்திலேயே இப்படி ஒரு பாட்டி இருக்கலாம், விசாரித்துப் பாருங்கள்.

பாட்டியை வாங்கி வந்தவர் நிபோங் தெபால் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலம். அரிசி கிடையாது, வீட்டுக்கு வீடு மரவள்ளிக்கிழங்குதான். சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ரயில் பாதை போடத் தோட்டத்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன நேரம், போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில், ஏற்கெனவே மூன்று பிள்ளைகள் இருந்த லயத்து வீட்டுக்கு ஒரு மனிதர் நாலாவதாக ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். ஏன் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பாட்டியிடம் கேட்டால் ஒரே பதில்தான்: "எங்கப்பாவுக்கு என்னைப் பிடிச்சிருந்துச்சு."

சின்ன வயதில் நான் ஒரு தப்பு செய்தேன். "பாட்டி, உங்க உண்மையான அப்பா யாரு?" என்று கேட்டுவிட்டேன். பாட்டிக்கு முகம் சிவந்துவிட்டது. "அதென்ன உண்மையான அப்பா? மலேரியா காய்ச்சல்ல என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு விடிய விடிய நடந்தாரே, அவருதான் அப்பா" என்றார்.

இன்று நான் பேச வந்தது இதைத்தான். பைபிளில் திருத்தூதர் பவுல் ரோமையருக்கு எழுதிய கடிதம், 8ஆம் அதிகாரம், 15ஆம் வசனம். நாம் கடவுளின் பிள்ளைகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டோம், அதனால் "அப்பா, தந்தையே" என்று அவரைக் கூப்பிடுகிறோம் என்கிறார். ஏற்றுக்கொள்வது என்பதற்கு அவர் எடுத்த சொல் தத்தெடுப்பதற்கு உள்ள சொல். பழைய தமிழ் வேதாகமத்தில் 'புத்திரசுவிகாரம்' என்றே இருக்கும். படிப்பவர்கள் ரோமாபுரிக்காரர்கள், அந்த ஊரில் தத்தெடுப்பது சாதாரண விஷயமில்லை. தத்துப் பிள்ளைக்கு அந்த வீட்டுப் பெயரும் சொத்துரிமையும் முழுசாக உண்டு. அகஸ்துஸ் சக்கரவர்த்தியே ஜூலியஸ் சீசரின் தத்துப்பிள்ளைதான். ஆக, பவுல் "பாவம், ஒண்ட இடம் கொடுத்தார்" என்று சொல்லவில்லை. பெயர் சொல்லிக் கேட்டு வாங்கி, வாரிசாக வைத்தார் என்கிறார்.

அப்புறம் அந்த 'அப்பா' என்ற சொல். பவுல் எழுதியது கிரேக்கம், ஆனால் இந்த வசனத்தில் அந்த ஒரு சொல்லை மட்டும் இயேசு பேசிய அரமேய மொழியிலேயே விட்டுவிட்டார். புதிய ஏற்பாட்டில் மூன்றே இடங்களில் அது வருகிறது. வேறு மொழிக்காரர்கள் பலருக்கு அதற்கு விளக்கம் சொல்ல வேண்டும். நமக்கு வேண்டாம், வீட்டில் கூப்பிடும் அதே சொல். அரமேயமும் தமிழும் உறவு என்று நான் சொல்ல வரவில்லை, ஒலி தற்செயலாக ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். ஆனால் எனக்கு அது பெரிய பாக்கியமாகத் தெரிகிறது. அதைக் குழந்தையின் மழலை என்று சிலர் விளக்குவார்கள், அது சரியில்லை. பெரியவர்களும் தங்கள் தகப்பனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நம் வீட்டிலும் அறுபது வயதுக்காரர் "அப்பா, மருந்து சாப்பிட்டீங்களா?" என்றுதானே கேட்கிறார்?

இயேசு அந்தச் சொல்லைச் சொன்ன இடம் கெத்சமனித் தோட்டம். நாளை சாவு என்று தெரிந்த இரவு. "அப்பா, தந்தையே" என்று கூப்பிட்டு, இந்தத் துன்பக் கிண்ணத்தை எடுத்துவிடும் என்று கேட்கிறார். கிண்ணம் எடுக்கப்படவில்லை. இதை நான் தாண்டிப்போக மாட்டேன். என் தாத்தா ஆஸ்பத்திரியில் கிடந்த 11 நாளும் பாட்டி வராந்தாவில் உட்கார்ந்து "அப்பா, அப்பா" என்றுதான் ஜெபம் செய்தார். வேறு வார்த்தை வரவில்லை. தாத்தா பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்த இரவும் அதே "அப்பா"தான். கேட்டது கிடைக்காதபோதும் கூப்பிட ஒருவர் இருக்கிறார் என்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உங்களில் சிலருக்கு அப்பா என்ற சொல்லே சுடும். அடித்தவர், குடித்தவர், விட்டுவிட்டுப் போனவர். அந்த முகத்தையே பெரிதாக்கி வானத்தில் வைத்துக் கும்பிடு என்று யாரும் உங்களிடம் சொல்லக் கூடாது. ஏசாயா 49ஆம் அதிகாரத்தில் கடவுள் தம்மைத் தாயோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்: பெற்றவள் மறந்தாலும் நான் மறக்க மாட்டேன். அந்த வழியாக வாருங்கள், அவசரமில்லை.

பாட்டி கல்யாணத்துக்குப் பிறகுதான் கத்தோலிக்கர் ஆனார். அவருடைய அப்பா கடைசிவரை தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு விளக்கு வைத்தவர். ஆனால் ஃபாதர் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று சொல்லிக் கொடுத்தபோது பாட்டிக்கு அந்தத் தந்தை எப்படி இருப்பார் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பால் வாடை அடிக்கும் சட்டையும் அந்தத் தோளும் அவருக்குத் தெரியும். அந்த மனிதருக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

பாட்டிக்கு மனப்பாடமாகத் தெரிந்த வசனம் திருப்பாடல் 27, 10ஆவது: "என் தந்தையும் தாயும் என்னைக் கைவிட்டாலும் ஆண்டவர் என்னை ஏற்றுக்கொள்வார்." போன வாரம் அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு, "கைவிட்டாங்கன்னு சொல்ல மாட்டேன்டா. பிழைக்கட்டும்னு கொடுத்தாங்க" என்றார். எண்பது வயதுக்கு மேல் அந்த நியாயத்தைச் சொல்கிறார்.

சரி, கை காட்டிக் கூப்பிடுகிறார். இரண்டு மெழுகுவர்த்தி வாங்கி வைத்திருக்கிறார். ஒன்று அவருடைய அப்பாவுக்கு. இன்னொன்று, பெயர் தெரியாத அந்தச் சீன அம்மாவுக்கு. தீப்பெட்டி என் பையில் இருக்கிறது, நான் போகிறேன்.