ஒரே ஓட்டில் விழுந்த வரி

அமெரிக்காவின் வருமான வரிச் சட்டம் செல்லாது என்று 1895-இல் அங்கே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. போலக் வழக்கு என்பார்கள்.

முந்தைய ஆண்டு காங்கிரஸ், அதாவது அவர்கள் நாடாளுமன்றம், போட்ட வரி அப்படியொன்றும் பெரிதில்லை. ஆண்டுக்கு 4,000 டாலருக்கு மேல் வருகிற வருமானத்தில் நூற்றுக்கு 2. அந்தக் காலத்துக் கூலிக்காரர் கனவிலும் காணாத தொகை அது. வரி பணக்காரர் தலையில்தான் விழுந்தது. சார்லஸ் போலக் என்பவர் நியூயார்க்கில் ஒரு டிரஸ்ட் கம்பெனியில் பத்துப் பங்கு வைத்திருந்தார். வரியைக் கட்டக்கூடாது என்று தன் கம்பெனி மீதே வழக்குப் போட்டார். கம்பெனிக்கு மட்டும் வரி கட்ட ஆசையா என்ன? வாதியும் பிரதிவாதியும் ஒரே கட்சி! வரிக்காகப் பேச அரசு வக்கீல் தனியே வர வேண்டியிருந்தது.

சரி, சட்டச் சிக்கல் என்ன? நேரடி வரி என்றால் அதை மாநிலங்களுக்கு மக்கள்தொகைப்படி பங்கிட வேண்டும் என்கிறது அவர்கள் அரசியல் சாசனம். இரண்டு மாநிலங்களில் ஒரே அளவு மக்கள் என்று வையுங்கள். ஒன்றில் வரி கட்டும் வசதியுள்ளவர் ஆயிரம் பேர், மற்றதில் நூறே பேர். இரண்டும் ஒரே தொகை தந்தாக வேண்டும். அந்த நூறு பேர் தலைக்குப் பத்து மடங்கு கட்ட வேண்டும்! எந்த அரசு இப்படி வரி வசூலிக்கும்? ஆக, 'நேரடி வரி' என்று முத்திரை விழுந்தாலே கதை முடிந்தது. இத்தனைக்கும் உள்நாட்டுப் போர்க்காலத்து வருமான வரி நேரடி வரி அல்ல என்று 1881-இல் சொன்னதும் இதே நீதிமன்றம்தான்.

ஏப்ரலில் முதல் தீர்ப்பு. நில வாடகை மீதான வரி செல்லாது என்றார்கள். மற்ற முக்கியக் கேள்விகளில் நாலுக்கு நாலு. ஒன்பதாவது நீதிபதி ஹவல் ஜாக்சன் காசநோயில் படுத்திருந்தார். மறுவிசாரணைக்கு அந்த உடம்போடு வாஷிங்டன் வந்து உட்கார்ந்தார். வரி செல்லும் என்றே எழுதினார். அப்படியானால் வரி பிழைத்திருக்க வேண்டும் அல்லவா? மே 20 அன்று ஐந்துக்கு நாலு என்று விழுந்துவிட்டது! யாரோ அணி மாறிவிட்டார் என்று ஊரே கணக்குப் போட்டது. பத்திரிகைகள் நீதிபதி ஷைராஸைக் கைகாட்டின. வரலாற்றாசிரியர்கள் வேறு பெயர்களும் சொல்கிறார்கள். எனக்கு ஜாக்சன்தான் மனத்தில் நிற்கிறார். ஆகஸ்டில் இறந்துபோனார்.

அப்புறம் இந்தத் தீர்ப்பைத் தாண்டிவர சாசனத்தையே திருத்த வேண்டியதாயிற்று. 16-வது திருத்தம் 1913 பிப்ரவரியில் நிறைவேறியது. அதே ஆண்டு மறுபடியும் வருமான வரி வந்தது, நூற்றுக்கு 1 என்று. வரம்பு மட்டும் 4,000 இல்லை. தனி ஆளுக்கு 3,000 டாலர்.