ஏர் கன்னா, பேட்டரி கன்னா?

நேயர்களுக்கு வணக்கம். பட்டறை வைத்திருக்கிற தம்பிமார்கள் இப்போது என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "அண்ணே, நட்டு கழற்ற, காற்றில் ஓடுகிற ஏர் கன் வாங்கலாமா, பேட்டரி கன் வாங்கலாமா?" கேட்கிறவர் கையில் பெரும்பாலும் போன் இருக்கும், அதில் யாரோ ஒருவர் துருப்பிடித்த நட்டை பேட்டரி கன் வைத்து ஒரே நொடியில் கழற்றுகிற வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். நான் பதில் சொல்லாமல் அவரைத் திருப்பிக் கேட்பேன்: அந்த டூல் ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் ஓட வேண்டும்? விலை, பிராண்டு, வோல்ட் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நட்டு வேலையை எடுத்துக்கொள்வோம். இம்பாக்ட் கன் என்று சொல்கிற இந்த நட்டுக் கன்னுக்குள்ளே ஒரு கனமான இரும்புக் கட்டை சுழல்கிறது. நட்டு இறுகி நின்றதும் அந்தக் கட்டை முனையிலிருந்து வழுக்கி, வேகம் எடுத்து வந்து அடிக்கும், மறுபடி வழுக்கும், மறுபடி அடிக்கும், இப்படி நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடி. அதனால்தான் ஸ்பேனரில் ராடு போட்டு ஏறி மிதித்தாலும் அசையாத நட்டு, பிடித்திருக்கிற கையை முறுக்காமல் கழன்று வருகிறது. காற்றுக் கன்னிலும் பேட்டரி கன்னிலும் தத்துவம் ஒன்றுதான், கட்டையைச் சுழற்றுவது யார் என்பதுதான் வேறு. முறுக்குகிற பலத்தை நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள்; சாதாரணக் கார் வீல் நட்டை இறுக்க 100 நியூட்டன் மீட்டர் சுற்றுவட்டாரம் போதும், பெரிய லாரிக்கு 600ஐ ஒட்டி வரும். அரை இஞ்ச் (சாக்கெட் மாட்டுகிற முனையின் அளவு) பேட்டரி கன்னிலேயே 1000 நியூட்டன் மீட்டர் தருகிறவை இன்று கிடைக்கின்றன. ஆகவே கார் பட்டறைக்குப் பேட்டரியில் பலம் பத்தாது என்கிற பேச்சு பழைய கதை. ஒரு நட்டுக்குச் சில நொடி ஓடும், அப்புறம் ஓய்வு, மோட்டாரும் பேட்டரியும் அந்த இடைவெளியில் ஆறிக்கொள்ளும். விட்டுவிட்டு அடிக்கிற இந்த மாதிரி வேலைக்குப் பேட்டரி நன்றாகவே பொருந்துகிறது.

காற்றுக் கன்னில் வருகிற புகார் வேறு மாதிரி. "பெட்டியில் பெரிய நம்பர் போட்டிருக்கான், கார் நட்டே கழல மாட்டேங்குது." பெட்டியில் போட்டிருக்கிற பலம், கன் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் வாயில், அதாவது காற்று உள்ளே நுழைகிற இடத்தில், 90 பிஎஸ்ஐ அழுத்தம் இருந்தால் கிடைக்கிற பலம். நம் ஷெட்டில் என்ன நடக்கிறது? கம்ப்ரஸர் மூலையில் இருக்கிறது, அதன் முள் 120 காட்டுகிறது, அங்கிருந்து இருபது மீட்டருக்கு விரல் தடிமனில் ஒரு ஓஸ், நடுவே வெட்டி ஒட்டிய இரண்டு மூன்று ஜாயின்ட், நுனியில் சந்தையில் கிடைத்ததிலேயே மலிவான கப்ளிங், அதற்குள்ளே பென்சில் நுழையாத ஓட்டை. சும்மா இருக்கும்போது கடைசி நுனி வரை 120தான் இருக்கும், சந்தேகமே வராது. ஒரு சின்ன பிரஷர் கேஜை கன்னின் வாயில் மாட்டி, விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பாருங்கள், அது 60, 50 என்று படுத்துவிடும். கன் மேல் குற்றமில்லை, அதற்குச் சாப்பாடு போய்ச் சேரவில்லை. அரை இஞ்ச் கன்னுக்கு உள்விட்டம் 10 மில்லிமீட்டர் உள்ள ஓஸ் போடுங்கள், லாரிக்கான ஒரு இஞ்ச் கன்னுக்கு 13 அல்லது அதற்கு மேல், ஜாயின்ட்டைக் குறையுங்கள், கப்ளிங்கை நல்லதாக மாற்றுங்கள். புதுக் கன் வாங்க வந்த பல பேர் ஓஸை மட்டும் மாற்றிவிட்டுத் திருப்தியாகப் போயிருக்கிறார்கள். கன் விற்கிறவருக்கு வருத்தம்தான்.

இனி அடுத்த பக்கம். டிங்கரிங், பெயிண்டிங் ஷெட்டில் பட்டி தேய்க்கிற வேலை. இங்கே சாண்டர் என்கிற தேய்ப்பு மெஷின் ஓட ஆரம்பித்தால் ஒரு பானெட் முடிகிற வரை நிற்காது. 18 வோல்ட், 5 ஆம்பியர் ஹவர் பேட்டரி என்றால் உள்ளே இருப்பது மொத்தம் 90 வாட் ஹவர். 250 வாட் இழுக்கிற சாண்டரை அதில் மாட்டினால் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். 700 வாட் இழுக்கிற கிரைண்டரை அழுத்தி ஓட்டினால் எட்டு நிமிடம்கூடத் தாங்காது. நாள் முழுக்கத் தேய்க்கிறவர் பேட்டரியை மாற்றி மாற்றிப் போட்டே ஓய்ந்துவிடுவார். காற்று சாண்டருக்கு அந்தத் தொல்லை கிடையாது. கையில் எடை குறைவு, எவ்வளவு நேரம் ஓடினாலும் மோட்டார் எரிகிற பேச்சே இல்லை, காற்று விரிந்து வெளியேறும்போது குளிர்கிறதால் பிடியே சில்லென்று இருக்கும். தண்ணீர் விட்டுத் தேய்த்தாலும் ஷாக் பயம் இல்லை. தின்னர் ஆவி சூழ்ந்த இடத்தில் பொறி பறக்கிற மோட்டார் இல்லாததும் நல்லதே. பெயிண்ட் அடிக்கிற கன்னுக்கு எப்படியும் காற்று வேண்டும்.

ஆனால் காற்று இலவசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கம்ப்ரஸருக்குள் போகிற கரண்டில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் ஏழில் ஒரு பங்குதான் டூல் முனையில் வேலையாக வருகிறது, மீதி அத்தனையும் சூடாக ஷெட்டுக்குள்ளேயே போய்விடுகிறது. கணக்கு இப்படி: ஒரு சாண்டர் நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கன அடி காற்றை விடாமல் குடிக்கும். 1 எச்.பி. மோட்டார் 90 பிஎஸ்ஐயில் 3 முதல் 4 கன அடிதான் தரும். ஆக ஒற்றை சாண்டருக்கு 3 எச்.பி., அதாவது 2 கிலோவாட்டுக்கு மேல். ஷெட்டில் இரண்டு பேர் சேர்ந்து தேய்த்தால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஸர் விற்கிறவர் சொல்லும் கன அடியையும் ஒருமுறை கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், சில பேர் பிஸ்டன் இழுக்கிற அளவைச் சொல்வார்கள், உண்மையில் வெளியே வருகிற காற்று அதைவிடக் குறைவாக இருக்கும். நட்டு வேலை மட்டும் என்றால் டேங்க் பெரிதாக இருந்தால் சின்ன மோட்டாரும் ஒப்பேற்றும், தேய்க்கிற வேலைக்கு டேங்க் எவ்வளவு பெரிதானாலும் பயனில்லை, மோட்டார்தான் ஈடு கொடுக்க வேண்டும்.

ராத்திரி ஷெட்டைப் பூட்டும்போது டேங்க் முழுக்க நிரப்பி மோட்டாரை நிறுத்திவிட்டு, லைன் வால்வைத் திறந்தபடியே விட்டுப் போங்கள். காலையில் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பூஜ்ஜியம் என்றால் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் எடுத்து ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் தடவிப் பார்க்க வேண்டியதுதான். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லையும் உண்டு, ஈரக் காற்றை அழுத்தினால் டேங்கில் தண்ணீர் சேரும், அடியில் இருக்கிற டிரெயின் வால்வைத் தினமும் திறந்துவிடாவிட்டால் அந்தத் தண்ணீர் கன்னுக்குள்ளே போய்த் துருப்பிடிக்க வைக்கும். காலையில் கன்னின் வாயில் நாலைந்து சொட்டு ஏர் டூல் எண்ணெய் விடுங்கள். இவ்வளவு கவனித்தால் ஏர் கன் வருஷக்கணக்கில் உழைக்கும், பழுதானாலும் பிளேடு, பேரிங், ஓ-ரிங் மாற்றினால் மறுபடி ஓடும். பேட்டரி கன்னில் உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டு போய்விட்டால் செலவு பெரிது.

பேட்டரி பக்கம் தெரிந்துகொள்ள வேண்டியவையும் உண்டு. 18 வோல்ட், 20 வோல்ட் என்று இரண்டு வகை பார்த்துக் குழம்பாதீர்கள். உள்ளே இருப்பது அதே ஐந்து செல் வரிசை, முழு சார்ஜில் அளப்பதா, சராசரியில் அளப்பதா என்பதுதான் பேதம். ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி கன்னில் உட்காராது, அதனால் முதல் கன் வாங்கும்போதே நீங்கள் ஒரு குடும்பத்தில் சம்பந்தம் வைக்கிறீர்கள். தகரக் கூரைக்கு அடியில், மே மாத வெயிலில், வண்டி டேஷ்போர்டில் பேட்டரியைப் போட்டு வைத்தால் அதன் ஆயுள் மளமளவென்று குறையும். அடித்து ஓட்டிச் சூடான பேட்டரியை உடனே சார்ஜில் போடாதீர்கள், ஆறவிட்டுப் போடுங்கள்.

ஷெட்டுக்கு வெளியே வேலை என்றால் பேச்சே இல்லை, பேட்டரிதான். பைபாஸில் நிற்கிற வண்டிக்குக் கம்ப்ரஸரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டா போவீர்கள்? இதில் ஒரு வேடிக்கை, போர்வெல் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் நிமிடத்துக்கு 1100 கன அடி, 300 பிஎஸ்ஐ என்று மலை மாதிரி காற்று இருக்கும், ஆனால் ஒரு நட்டு கழற்ற அந்த எஞ்சினை யாரும் ஸ்டார்ட் செய்வதில்லை. அந்த 300 பிஎஸ்ஐயை 90க்குக் குறைக்காமல் சாதாரண ஏர் கன்னில் கொடுக்கவும் கூடாது, ஓஸோ கன்னோ வெடித்தால் கை போய்விடும்.

டூவீலர் மெக்கானிக்குகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 10ஆம் நம்பர் ஸ்பேனர் போடுகிற எஞ்சின் கவர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இறுக்கம் தேவை. அதன் மேல் அரை இஞ்ச் கன்னை வைத்தால் போல்ட் முறியும், இல்லையென்றால் அலுமினியத்தில் மரை போய்விடும், பிறகு லேத் பட்டறைக்கு அலைய வேண்டும். கழற்றச் சின்னக் கன், மாட்டக் கை, கடைசி இறுக்கத்துக்கு, அளவு வைத்து இறுக்குகிற டார்க் ரெஞ்ச். கார் அலாய் வீலுக்கும் இதே முறைதான். சாக்கெட்டும் இம்பாக்டுக்கு என்று வருகிற கறுப்பு சாக்கெட்டாக இருக்கட்டும், பளபளக்கிற குரோம் சாக்கெட் அடி தாங்காமல் சிதறும்.

சரி, புதிதாகக் கார் ஷெட் போடுகிறவருக்கு நான் சொல்வது: டயருக்குக் காற்று அடிக்க, தூசி ஊத ஒரு சின்ன கம்ப்ரஸர் எப்படியும் வேண்டும், அதை வாங்குங்கள். நட்டுக்கு ஒரு நல்ல பேட்டரி கன், இரண்டு பேட்டரி. கன்னுக்காக மட்டும் 5 எச்.பி. கம்ப்ரஸரும் த்ரீ ஃபேஸ் கனெக்‌ஷனும் வாங்காதீர்கள். டிங்கரிங் ஷெட் என்றால் தயங்காமல் பெரிய கம்ப்ரஸர். லாரி டயர் கடை என்றால் ஒரு இஞ்ச் ஏர் கன்தான் இன்னும் நான் கை காட்டுவது, நாள் முழுக்க அந்த அடி அடிக்கப் பேட்டரி கட்டுப்படியாகாது.

காற்று ஓஸால் உடம்பில் இருக்கிற தூசியை ஊதிக்கொள்கிற பழக்கம் பல பேருக்கு இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். விளையாட்டாக, உடன் வேலை செய்கிற பையன் மேல் காற்று அடித்து, குடல் கிழிந்து உயிர் போன சம்பவங்கள் நம் நாட்டிலேயே நடந்திருக்கின்றன.

பழைய கம்ப்ரஸர் வாங்கப் போகிறவர்கள் மோட்டார் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால் டேங்கைப் பாருங்கள். டிரெயின் வால்வைத் திறந்தால் செங்கல் நிறத்தில் தண்ணீர் வந்தாலோ, டேங்க் அடிவயிற்றில் வெல்டிங் ஒட்டு தெரிந்தாலோ, பாதி விலை என்ன, சும்மா கொடுத்தாலும் வேண்டாம். வணக்கம்.